தாய்லாந்தின் மணம், ஆப்கானின் அவசரம்

கனடாவில் பெரியவர்கள் குறிப்பிட்ட அளவு வரை கஞ்சா வைத்திருப்பது 2018 அக்டோபர் 17 முதல் குற்றமல்ல. பெரும்பாலான மாகாணங்களில் ஒரு வீட்டுக்கு நான்கு செடிகள் வரை வளர்த்துக்கொள்ளலாம்; கியூபெக்கில் அதற்கும் தடை. சட்டம் அனுமதித்த பிறகுதான் அங்குள்ள வீட்டுத் தோட்டக்காரர்கள் பலருக்கு உண்மையான சிக்கல் புரிந்தது. அவர்கள் ஆசைப்பட்டது பழ வாசனை வீசும் கஞ்சாவுக்கு. அந்த வாசனையின் வேர்களில் முக்கியமான ஒன்று வெப்பமண்டலத்தில் இருக்கிறது. வீட்டுக்கு வெளியிலோ செப்டம்பரிலேயே குளிர் வந்துவிடுகிறது.

இந்தச் செடி எப்போது பூக்கும் என்பதைத் தீர்மானிப்பது இரவின் நீளம். 1912இல் பிரான்சைச் சேர்ந்த ழூலியன் டூர்னுவா என்ற தாவரவியலாளர், பகல் வெளிச்சம் மிகக் குறைவாகக் கிடைத்த கஞ்சாச் செடிகள் முளைத்த சில நாட்களிலேயே பூப்பதைக் கவனித்தார். பகல் குறைவதைவிட இரவு நீள்வதே இதற்குக் காரணம் என்ற சரியான இடத்துக்கு அவர் வந்து சேர்ந்தார். ஆய்வைத் தொடர அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. முதல் உலகப்போர் அவரைக் கொண்டுபோய்விட்டது. பூப்பதற்கும் பகல்நேர அளவுக்கும் உள்ள தொடர்பை 1920இல் அமெரிக்கர்களான கார்னரும் அல்லார்டும் பொது விதியாக நிறுவினார்கள். பெயர் அவர்களுக்குக் கிடைத்தது. டூர்னுவாவை இன்னும் கொஞ்சம் நினைவில் வைத்திருக்கலாம்.

நம் ஊர்ச் சாமந்தியும் இதே குணம் கொண்டதுதான். பூப்பதைத் தள்ளிப்போட நினைக்கும் சாமந்தி விவசாயி இரவில் வயலில் விளக்கெரிப்பார். தெருவிளக்கின் வெளிச்சம் விழும் கஞ்சாச் செடி பூக்கத் தாமதிப்பதும் அதனால்தான்.

இப்போது கணக்கைப் பார்ப்போம். சென்னையில் ஆண்டின் மிக நீண்ட பகலே 13 மணி நேரத்தை எட்டாது. கனடாவின் வான்கூவரில் ஜூன் மாதப் பகல் 16 மணி நேரத்தைத் தாண்டும். அங்கே பகல் 14 மணி நேரத்துக்குச் சுருங்க ஆகஸ்ட் பிற்பாதி ஆகிவிடும். பெரும்பாலான செடிகள் அப்போதுதான் மொட்டு வைக்கின்றன. ஆப்கானிஸ்தானத்து மலைச் செடி அதிலிருந்து எட்டு வாரத்தில் முற்றிவிடும். அக்டோபர் நடுவில் அறுவடை. தாய்லாந்துச் செடிக்கோ பன்னிரண்டு வாரத்துக்கு மேல் வேண்டும். ஆண்டு முழுவதும் பகலும் இரவும் ஏறக்குறைய சமமாக இருக்கும் மண்ணில் வளர்ந்த அதற்கு அவசரம் பழக்கமில்லை. அதை வான்கூவரில் நட்டால் பூ முற்றுவதற்குள் நவம்பரில் பாதி கடந்துவிடும்.

ஆப்கானிஸ்தானத்தின் இந்து குஷ் மலைச் செடிக்கு அவசரம் பிறவிக் குணம். பனி விழுவதற்குள் விதையிட்டு முடிக்காத செடிக்கு அங்கே சந்ததி இல்லை. குட்டையான உடல், அகன்ற இலை, நெருக்கமான பூங்கொத்து, ஏராளமான பிசின் என்று அதன் உருவமே வேறு.

1960களிலும் 70களிலும் ஐரோப்பாவிலிருந்து தரைவழியாக ஆப்கானிஸ்தானம் வழியே இந்தியா வரை வந்த இளைஞர்கள் திரும்பிப் போகும்போது விதைகளையும் கொண்டுபோனார்கள். அவ்விதைகள் அமெரிக்காவுக்கும் போய்ச் சேர, அதன் மேற்குக் கரையில் கலப்பு தொடங்கியது. டி.ஜே. ஷார்ட் என்ற புனைபெயரில் அறியப்படும் ஆரிகன் மாநிலத்து வளர்ப்பாளர் தாய்லாந்து ரகங்களோடு ஆப்கான் ரகத்தைச் சேர்த்து, தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து உருவாக்கியதுதான் ‘புளூபெர்ரி’. பெயருக்கேற்ற பழ மணம் அதற்கு உண்டு. குளிர்ந்த இரவுகளில் அதன் இலையும் பூவும் ஊதா நிறம் கொள்ளும். ஊதா என்றால் போதை அதிகம் என்று நம்புகிறவர்கள் உண்டு. அது வெறும் நம்பிக்கை. நாவல் பழத்துக்குக் கருநீலத்தைத் தரும் ஆந்தோசயனின் நிறமிகளே இங்கும் வேலை செய்கின்றன. அவற்றுக்கும் போதைக்கும் தொடர்பில்லை.

பழ மணம் எங்கிருந்து வருகிறது? பெண் பூவின் மேல் பனித்துளிபோல மின்னும் நுண்ணிய பிசின் சுரப்பிகளிலிருந்து. மாம்பழத்தில் உள்ள மிர்சீன், ஆரஞ்சுத் தோலில் உள்ள லிமோனீன், கொத்தமல்லி விதையில் உள்ள லினலூல் ஆகிய ‘டெர்பீன்’ வகை மணச் சேர்மங்கள் அந்தப் பிசினில் இருக்கின்றன. நீண்ட காலம் ஆய்வாளர்கள் இத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். ஆனால் டெர்பீன் அளவுகள் ஏறக்குறைய ஒன்றாக உள்ள இரண்டு ரகங்கள் வேறு வேறாக மணந்தன. கலிஃபோர்னியாவில் நடந்த ஆய்வுகளின் முடிவுகள் 2021இலும் 2023இலும் வெளிவந்தபோதுதான் விடை தெளிந்தது. மிக மிகச் சிறிய அளவில் உள்ள கந்தகச் சேர்மங்களும் வாசனையின் போக்கை மாற்றுகின்றன. கொய்யாவுக்கும் பேஷன் பழத்துக்கும் அந்தந்த மணத்தைத் தரும் கந்தகச் சேர்மங்களின் உறவினர்கள் கஞ்சாவிலும் அகப்பட்டார்கள். மூக்கைச் சுளிக்க வைக்கும் நெடிக்கும் வாயூற வைக்கும் பழ மணத்துக்கும் கந்தகம் ஒரு காரணம் என்பது வியப்புதான்.

குளிர்நாட்டில் செடியை வீழ்த்துவது குளிர் மட்டுமல்ல. குளிர் வேறு, ஈரம் வேறு. ஆப்கான் செடி வறண்ட மலையில் வளர்ந்தது. பனிக்காற்றைத் தாங்கும், நாள் கணக்கில் விடாத தூறலைத் தாங்காது. அதன் நெருக்கமான பூங்கொத்துக்குள் புகுந்த ஈரம் வெளியேற வழியில்லாமல் தங்கும். அங்கே சாம்பல் பூஞ்சணம் பிடிக்கும். ‘போட்ரைட்டிஸ்’ எனப்படும் இதே பூஞ்சணம்தான் ஹங்கேரியின் டோக்காய் ஒயினுக்கான திராட்சையில் படர்ந்து அதற்குத் தனிச்சுவை தருகிறது. கஞ்சாவில் படர்ந்தாலோ குப்பையில் போட வேண்டியதுதான். பூஞ்சணம் பிடித்த பூவைப் புகைத்தால் நுரையீரலுக்கு ஆபத்து. தாய்லாந்துச் செடியின் தளர்வான கொத்தில் காற்று புகும், ஈரம் தங்காது. நல்ல கலப்பினம் என்பது அவசரத்தை ஆப்கானிடமிருந்தும், மணத்தோடு இந்தத் தளர்ச்சியையும் தாய்லாந்திடமிருந்தும் வாங்கியிருக்க வேண்டும். மூன்றும் ஒரே செடியில் அமைவது அரிது. வான்கூவர் இருக்கும் பசிஃபிக் கரையின் மழையில் அழுகிப்போகும் ரகம், அதே மாகாணத்தில் வறண்ட ஒக்கநாகன் பள்ளத்தாக்கில் நன்றாக விளையும்.

இரவின் நீளத்தையே பொருட்படுத்தாத மூன்றாவது உறவினர் ஒருவரும் உண்டு. ரஷ்யத் தாவரவியலாளர் யனிஷெவ்ஸ்கி 1924இல் விவரித்த ‘ரூடெராலிஸ்’ என்ற காட்டுச்செடி அது. வயது வந்தால் பூத்துவிடும். 2000களின் தொடக்கத்தில் கனடாவிலிருந்து வந்த ‘லோரைடர்’ இந்தக் குணத்தைக் கலப்பினங்களில் பரவலாக்கியது. இன்று இவ்வகைச் செடிகள் பல, விதைத்த மூன்று மாதங்களுக்குள் அறுவடைக்கு வந்துவிடுகின்றன.

இத்தனை வெற்றிக்கும் ஒரு விலை உண்டு. கஞ்சாவின் மகரந்தம் காற்றில் நெடுந்தூரம் போகும்; கலப்பினத்தின் மகரந்தம் அக்கம்பக்கத்து நாட்டுரகத்திலும் கலந்துவிடும். மொராக்கோவின் ரிஃப் மலையில் தலைமுறைகளாகப் பயிரான ‘பெல்டியா’ என்ற நாட்டுரகத்தை ஐரோப்பாவிலிருந்து வந்த கலப்பினங்கள் பெருமளவு ஒதுக்கிவிட்டன. அவற்றுக்குத் தண்ணீரும் அதிகம் வேண்டும். நாட்டுரகம் மறைந்தால் நாளைய கலப்புக்குத் தாய் எங்கே? நெல்லில் இந்த இழப்பைப் பார்த்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கனடாவில் உறவினர் உள்ள தமிழர்கள் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அங்கே கடையில் சட்டப்படி வாங்கிய கஞ்சாவாக இருந்தாலும் அதை எல்லை தாண்டி எடுத்துச் செல்வது கனடாவின் சட்டப்படியே குற்றம். இந்தியாவில் உரிமமின்றி ஒரு செடி வளர்த்தாலும், 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி பத்து ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கப்படலாம்.