ஆறுமணிக் குருவியும் அயல்வீட்டு வேலியும்

வட இந்தியாவின் மலையடிவாரக் காடுகளிலிருந்து ஒரு சிறிய பறவை ஆண்டுதோறும் ஒக்டோபர் மாதமளவில் நமது நாட்டுக்கு வந்து சேருகிறது. இரவு வேளைகளில் பறந்து, கடலையும் கடந்து, களைத்துப்போய் வந்திறங்கும் இதற்கு நம்மவர்கள் வைத்த பெயர் ஆறுமணிக் குருவி. காலையிலும் மாலையிலும் ஏறத்தாழ ஆறு மணிக்கு இதன் குரல் கேட்பதே அதற்குக் காரணம். பச்சை முதுகு, வாலடியில் சிவப்பு, கண்ணை ஊடறுக்கும் கறுப்புக் கோடு, கட்டை வால். நீளம் ஏறத்தாழ 19 சென்ரிமீற்றர்தான். ஏப்ரல் மாதமளவில் வந்த வழியே திரும்பிவிடும்.

இது மர உச்சியில் அமர்ந்து இரை தேடுவதில்லை. வேலியோரத்திலும் கிணற்றடி நிழலிலும் தரையில் தத்தி நடந்து, காய்ந்த இலைகளைப் புரட்டிப் புழு பூச்சிகளைத் தின்கிறது. பிறர் கண் படாத வீட்டுப் பின்புறமே இதற்குப் பிடித்தமான இடம். பிரச்சினையும் அங்குதான் தொடங்குகிறது.

பறவை பார்ப்பது நல்ல பொழுதுபோக்கு. பிள்ளைகளுக்குப் பொறுமையையும் கூர்ந்து நோக்கும் பழக்கத்தையும் அது கற்றுத் தருகிறது. இன்று நமது பிள்ளைகள் பலரும் தொலைநோக்கியும் கெமராவும் ஏந்தி இதில் ஈடுபடுவது மகிழ்ச்சிக்குரியது.

ஆனால் சகோதரிகளே, பறவைக்கு வேலி கிடையாது, பார்ப்பவருக்கு உண்டு. குருவியைத் தொடரும் கண் அயல்வீட்டுக் கிணற்றடியில் போய் நிற்கலாம். அங்கே ஒரு பெண் முந்தானையை ஒதுக்கிவிட்டு உடுப்புத் துவைத்துக்கொண்டிருக்கலாம். சாதாரணத் தொலைநோக்கியே தூரத்திலுள்ளதை எட்டு மடங்கு அருகில் கொண்டுவந்து காட்டும். “நான் குருவியைத்தான் பார்த்தேன்” என்று உங்கள் மகன் சொல்வது உண்மையாகவே இருக்கட்டும். அவனது நிய்யத் அவனுக்குத் தெரியும். வேலிக்கு அப்பால் திடுக்கிட்டு நிற்பவளுக்கு அது எப்படித் தெரியும்? சொந்த வளவிலேயே அவள் நிம்மதி இழந்துவிட்டால், நாம் கண்ட அழகுக்கு அவளல்லவா விலை கொடுக்கிறாள்?

2009இல் முடிந்த யுத்தத்தை அனுபவித்த வடக்கு, கிழக்கு ஊர்களில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. அறிமுகமில்லாத ஒருவர் ஒழுங்கையில் தொலைநோக்கியுடன் நின்றால் பழைய பயம் பலரது உள்ளத்தில் எழக்கூடும்.

பிறர் வீட்டு வாசலில் அனுமதி கேட்பதும், மூன்று முறை கேட்டும் பதில் இல்லையேல் திரும்பிவிடுவதும் மார்க்கம் நமக்குக் கற்பித்த ஒழுங்கு. கால் நுழைவதற்கு அனுமதி வேண்டுமென்றால், கண் நுழைவதற்கு வேண்டாமா?

எனவே பிள்ளைகளுக்கு இவற்றைப் பழக்குங்கள்:

1. தொலைநோக்கியை வீடுகளின் பக்கம் திருப்பக் கூடாது. பறவை அயல் வளவுக்குள் போய்விட்டால் கருவியைத் தாழ்த்திவிட வேண்டும்.

2. பிறர் வீட்டோரம் நிற்க நேர்ந்தால் முதலில் ஸலாம் சொல்லி, வந்த காரணத்தைத் தெரிவிக்க வேண்டும். வேற்று மதத்தவர் வீடாயின் அவர்களுக்கேற்ற முறையில் மரியாதையாகப் பேச வேண்டும்.

3. கைத்தொலைபேசியில் பறவையின் குரலை ஒலிக்கவிட்டு அதனை வரவழைக்கக் கூடாது. பறவை இரை தேடுவதை விட்டுவிட்டு எதிரியைத் தேடி அலையும். அதிகாலையில் பக்கத்து வீட்டுக் குழந்தையும் விழித்துவிடும்.

4. வீடும் ஆட்களும் தெரியும் படங்களைப் பிறருக்கு அனுப்பக் கூடாது.

எல்லாவற்றிலும் சிறந்த வழி, குருவியை நமது வளவுக்கே வரச் செய்வதுதான். டெங்கு நுளம்பு பெருகாதிருக்கச் சிரட்டைகளையும் தயிர்ச் சட்டிகளையும் அகற்றுங்கள். ஆனால் வேலியோரம் கொஞ்சம் காய்ந்த இலைகளைக் கூட்டாமல் விட்டுவையுங்கள். பூனையைக் கவனித்துக்கொள்ளுங்கள். மாலையில் பிள்ளைகளைக் குசினி வாசற்படியில் சத்தமின்றி உட்காரச் சொல்லுங்கள். குருவி வந்தால், அயல்வீட்டுப் பெண்ணையும் பிள்ளைகளையும் கூப்பிட்டுக் காட்டுங்கள். இரண்டு வீட்டாரும் சேர்ந்து பார்க்கும் பறவையால் எவர் மனமும் நோகாது.