முகாம் கற்றுக்கொடுத்தது

2006 ஏப்ரல் குண்டுவீச்சில் சம்பூரை விட்டு ஓடிய பத்து வயதுப் பிள்ளைக்கு, 2015 இல் மீள்குடியேறும்போது வயது பத்தொன்பது. இடையில் கிளிவெட்டி, பட்டித்திடல் முகாம்கள். 2012 இல் வர்த்தமானி ஒன்று அங்கே 818 ஏக்கரை முதலீட்டு வலயமாக்கியது. 2015 இல்தான் அது ரத்தானது. வர்த்தமானி என்றால் என்னவென்று அந்தப் பிள்ளைகளுக்கு எந்த ஆசிரியரும் விளக்கத் தேவையிருக்கவில்லை. காணி உறுதியின் பெறுமதியும், கந்தோரில் யாரிடம் எப்படிப் பேசுவதென்பதும் இருபதுக்கு முன்பே பாடம்.

மூதூர் முஸ்லிம்களாகிய நாமும் அதே ஆண்டு ஆகஸ்டில் கந்தளாய்க்கு அகதியாய்ப் போனவர்கள்தான். ஆனா வாரக்கணக்கில் திரும்பிட்டோம். "எங்களுக்கும் அதானே நடந்த" என்று நம்மவர் சொல்வதை நான் ஏற்பதில்லை. சொந்த வளவில் கிணறு எந்தப் பக்கம் இருந்ததென்று தகப்பனிடம் கேட்டறியும் நிலை எங்கட பிள்ளைகளுக்கு வரவில்லை.