ஒரே படகில் ஒரு குடும்பம்

மந்தினுக்குக் கடல் தொலைவில் இல்லை. சிரம்பானைக் கடந்து போர்ட்டிக்சன் சாலையில் சென்றால், ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் மலாக்கா நீரிணையின் கரையை அடைந்துவிடலாம். ரப்பர்த் தோட்டங்களிலும் செம்பனைத் தோட்டங்களிலும் வாழ்ந்த நம் குடும்பங்களுக்குக் கடல் என்றால் பெரும்பாலும் ஒருநாள் உலாதான். காலையில் சோறு கட்டிக்கொண்டு வாடகைப் பேருந்தில் புறப்படுவார்கள். மணலில் பாய் விரிப்பார்கள். முழங்கால் அளவு நீரில் குளிப்பார்கள். மாலையில் வீடு திரும்புவார்கள். கடலைக் கரையிலிருந்து பார்ப்பது ஒரு வகை அறிமுகம். கடலின் மீதே சில நாள்கள் தங்கி, அதன் மேற்பரப்பையும் அடியையும் அறிந்துகொள்வது மற்றொரு வகை. அந்த இரண்டாம் வகைப் பயணத்தையே இக்கட்டுரை விளக்குகிறது.

தங்குபடகுச் சுற்றுலா என்பது, படகையே தங்குவிடுதியாகக் கொண்டு தீவுக்குத் தீவு செல்லும் பயணமாகும். படகிலேயே படுக்கையறைகளும் சமையலறையும் இருக்கும். முக்குளிப்போருக்குத் தேவையான காற்றுக் கலன்களும் அவற்றை நிரப்பும் பொறியும் இருக்கும். கரையில் தங்குவோர் ஒவ்வொரு முறையும் சிறுபடகில் ஏறி முக்குளிக்கும் இடத்திற்குச் சென்று திரும்ப வேண்டும். தங்குபடகில் இருப்போரோ கண்விழிக்கும்போதே அவ்விடத்தில் இருப்பர். இதனால் ஒரே நாளில் மூன்று அல்லது நான்கு முறை நீருக்குள் இறங்க முடிகிறது. இத்தகைய படகுகளில் சில பொறியால் இயங்குபவை. சில பாய்மரத்தால் இயங்குபவை. பாய்மரப் படகிலும் துணைப்பொறி ஒன்று இருக்கும்.

ஆனால், ஒரு குடும்பத்தில் எல்லாரும் முக்குளிப்போராக இருப்பதில்லை. தந்தையும் மூத்த மகளும் முக்குளிக்கக் கற்றவர்கள், தாய்க்கு நீச்சல் மட்டும் தெரியும், பாட்டிக்கு நீச்சலும் தெரியாது, கடைக்குட்டிக்கு எட்டு வயது என்று வைத்துக்கொள்வோம். இருவர் நீருக்கடியில் மகிழ, மூவர் படகில் வெறுமனே காத்திருந்தால் அது குடும்ப விடுமுறை ஆகாது. எனவே, முக்குளிப்போருக்கும் முக்குளிக்காதோருக்கும் ஒருசேரப் பொருந்தும் பயணத்தைத் திட்டமிடுவது எப்படி என்பதே இங்கு எழும் கேள்வி.

இக்கேள்விக்கு நம் முன்னோர் வாழ்வில் ஒரு விடை இருக்கிறது. மன்னார் வளைகுடாவில் கொற்கை, தூத்துக்குடிப் பகுதிகளில் முத்துக்குளித்தல் பன்னெடுங்காலம் நடைபெற்றது. குளிப்பவர் கல்லின் துணையோடு விரைந்து கடலடிக்கு இறங்குவார். மூச்சை அடக்கிக்கொண்டு சிப்பிகளைச் சேகரிப்பார். மேலே படகில் இருப்பவர் கயிற்றைப் பிடித்திருப்பார். அடியிலிருந்து கயிறு அசைந்ததும் மேலே இழுப்பார். கயிறு பிடிப்பவர் கவனம் தவறினால் குளிப்பவரின் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் நம்பிக்கைக்குரிய மைத்துனரையே கயிறு பிடிக்க வைப்பார்கள் என்று சொல்வதுண்டு. அந்தப் படகில் கடலில் குதிக்காதவர் வேடிக்கை பார்ப்பவர் அல்லர். குளிப்பவரின் உயிர் அவர் கையில் இருந்தது.

இன்றைய முக்குளிப்பு அதிலிருந்து மிகவும் மாறிவிட்டது. 1943ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டைச் சேர்ந்த ஜாக் கூஸ்தோவும் எமில் காஞ்ஞானும் உருவாக்கிய கருவி, முக்குளிப்பவர் காற்றைத் தம் முதுகிலேயே சுமந்து செல்ல வழிசெய்தது. கயிறு தேவையற்றதாயிற்று. எனினும் நீரின் இயல்பு மாறவில்லை. கடலில் 10 மீட்டர் ஆழத்திற்குச் சென்றால், உடலின்மீதுள்ள அழுத்தம் மேற்பரப்பில் உள்ளதைப்போல் இருமடங்காகிறது. அந்த அழுத்தத்தில் சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் சிறிது சிறிதாக இரத்தத்திலும் தசைகளிலும் கரைகிறது. மெதுவாக மேலே வந்தால் அது மூச்சின்வழி வெளியேறிவிடும். அவசரமாக மேலே வந்தாலோ, சோடாப் புட்டியைத் திறந்ததும் குமிழிகள் பொங்குவதுபோல் உடலுக்குள்ளேயே குமிழிகள் தோன்றும். மூட்டு வலியில் தொடங்கி உடல் செயலிழப்பு வரையிலான விளைவுகள் இதனால் நேரலாம். ஆகவேதான் பயிற்சி பெற்றோர் மெல்ல மேலெழுந்து, 5 மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடம் நின்று, பின்னரே மேற்பரப்புக்கு வருகின்றனர்.

இதே காரணத்தால், பல நாள்கள் தொடர்ந்து முக்குளித்தவர் விமானத்தில் ஏறுவதற்கு முன் குறைந்தது 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்று அறிவுறுத்தப்படுகிறது. உயரமான மலைப்பகுதிக்கும் உடனே செல்லலாகாது. சபாவில் முக்குளித்துவிட்டு மறுகணமே குண்டாசாங் மலையூருக்கு ஏறத் திட்டமிடுவது தவறு. இக்கட்டாய ஓய்வைக் குடும்பத்தினர் நன்மையாக மாற்றிக்கொள்ளலாம். பயணத்தின் கடைசி நாளை முழுவதும் முக்குளிக்காதோரின் விருப்பப்படி அமைக்கலாம். அன்று தந்தையும் மகளும் பாட்டியின் நேர அட்டவணையைப் பின்பற்றுவார்கள்!

பயண இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது காற்றையும் காலத்தையும் கருத்தில் கொள்ள வேண்டும். மந்தினுக்கு அருகிலுள்ள மலாக்கா நீரிணையில் கப்பல் போக்குவரத்து மிகுதி; நீரும் பெரும்பாலும் கலங்கலாக இருக்கும். போர்ட்டிக்சனில் பாய்மரப் படகோட்டப் பழகலாம். தஞ்சோங் துவான் கலங்கரை விளக்கத்தைக் கடலிலிருந்து கண்டு மகிழலாம். பவளப்பாறைகளைத் தெளிந்த நீரில் காண விரும்புவோர் கிழக்குக் கரைத் தீவுகளையே நாடுகின்றனர். ஆனால், ஏறத்தாழ நவம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவக்காற்று வீசும். அப்போது தென்சீனக் கடல் கொந்தளிக்கும். தங்குவிடுதிகள் பல மூடப்படும். ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறை இக்காலத்தில் வரும்போது, கிழக்குக் கரைப் பயணத்தைத் தவிர்ப்பதே அறிவுடைமை.

ஜோகூரின் மெர்சிங் துறையிலிருந்து செல்லக்கூடிய தியோமான் தீவு, இருசாராருக்கும் ஏற்ற இடங்களுள் ஒன்று. அது பகாங் மாநிலத்தைச் சேர்ந்தது. அதைச் சூழ்ந்து துலாய், லாபாஸ், ரெங்கிஸ் முதலிய சிறுதீவுகள் உள்ளன. முக்குளிப்போர் பாறைகளின் சரிவில் இறங்குகையில், நீச்சல் தெரிந்தோர் அதே பாறைகளின் மேற்புறத்தை மூச்சுக்குழலும் முகக்கண்ணாடியும் அணிந்து மிதந்தபடியே காணலாம். பவளங்களுக்கு ஒளி தேவை. எனவே, அவற்றின் வண்ணமிகு பகுதி ஆழம் குறைந்த இடத்திலேயே உள்ளது. நீரில் இறங்க விரும்பாதோர் தெக்கே கிராமத்திலிருந்து காட்டுவழியே ஜுவாரா கடற்கரைக்கு நடக்கலாம்; அங்குக் கடலாமைகளைப் பாதுகாக்கும் பணியை அறிந்துகொள்ளலாம்.

சபாவின் செம்பூர்ணாவுக்கு அப்பாலுள்ள சிப்பாடான் தீவு உலகப் புகழ்பெற்றது. கடலடியிலிருந்து ஏறத்தாழ 600 மீட்டர் உயரம் எழுந்து நிற்கும் பெரும் பாறையின் உச்சியே அத்தீவு. கரையிலிருந்து சில மீட்டர் தூரத்திலேயே கடலடி செங்குத்தாகச் சரிந்துவிடுவதால், மேற்பரப்பில் மிதப்பவர்கூட அப்பாதாளத்தின் விளிம்பைக் காண முடிகிறது. சுற்றுலா பெருகியதால் பவளங்களும் ஆமைகளும் பாதிப்படைவதைக் கண்ட அரசு, 2004ஆம் ஆண்டு இறுதியோடு அத்தீவிலிருந்த விடுதிகளை அகற்றியது. இன்று அனுமதிச் சீட்டு பெற்ற குறிப்பிட்ட எண்ணிக்கையினர் மட்டுமே பகலில் சென்று வர முடியும். மேலும், பாதுகாப்புக் கருதிக் கிழக்குச் சபாக் கடற்பகுதியில் இரவுநேர நடமாட்டத் தடை 2014ஆம் ஆண்டு முதல் பலமுறை நீட்டிக்கப்பட்டு வந்துள்ளது. ஆதலால், அங்குச் செல்வோர் நடப்பிலுள்ள விதிகளை முன்கூட்டியே விசாரித்தறிய வேண்டும்.

தங்குபடகில் ஒருநாள் எப்படிக் கழியும்? விடியலில் முதல் முக்குளிப்பு. அதற்குள் தாயும் மகனும் மேல்தளத்தில் சூரிய உதயத்தைக் காண்பர். காலையுணவுக்குப்பின் படகோட்டி பாயை விரிப்பார். பாய்மரப் படகு எதுவும் காற்றுக்கு நேரெதிரே செல்ல இயலாது. காற்றுக்குச் சாய்வாக ஒருமுறை வலப்புறமும் மறுமுறை இடப்புறமும் திரும்பித் திரும்பித்தான் முன்னேறும். எட்டு வயதுச் சிறுவனும் இந்நுட்பத்தைக் கண்ணால் கண்டு கற்கலாம். கயிற்றில் முடிச்சுப் போடப் பழகலாம். முக்குளிப்போர் மீண்டும் இறங்கும்போது, மேலே இருப்போர் அவர்கள் விடும் காற்றுக் குமிழிகள் செல்லும் திசையைக் கவனிப்பர். நீரில் இறங்கியோர், ஏறியோர் பெயர்களைக் குறித்து எண்ணிக்கையைச் சரிபார்ப்பர். இப்பொறுப்பு படகுப் பணியாளருடையதே. எனினும், குடும்பத்தினரும் தனியே ஒரு பட்டியல் வைத்துக்கொள்வது நல்லது. பாட்டிக்கு நீச்சல் தெரியாவிட்டால் என்ன? பட்டியலைப் பார்த்துப் பெயர் கூப்பிடத் தெரியும் அல்லவா? அன்று மைத்துனர் பிடித்த கயிறு, இன்று பாட்டியின் கையில் பட்டியலாக இருக்கிறது.

மகிழ்ச்சிக்குப் பாதுகாப்பே அடித்தளம். 2019 செப்டம்பர் 2ஆம் நாள் அதிகாலையில், அமெரிக்காவின் கலிபோர்னியாக் கரைக்கு அப்பால் கன்செப்ஷன் என்னும் முக்குளிப்புப் படகு தீப்பற்றி எரிந்தது. கீழ்த்தளத்தில் உறங்கிக்கொண்டிருந்த 34 பேர் உயிரிழந்தனர். அப்படகில் இரவுக் காவலர் விழித்திருந்து சுற்றிப் பார்க்கவில்லை என்பது விசாரணையில் தெரியவந்தது. உறங்குமிடத்திற்கு இரு வழிகள் இருந்தும், இரண்டும் மேலே ஒரே அறையில்தான் சென்று முடிந்தன. அந்த அறையோ தீயின் பிடியில் இருந்தது. இத்துயரம் நமக்கு ஒரு பாடம். முன்பதிவு செய்யும்முன், இரவில் யார் காவல் இருப்பார், உறங்குமிடத்திலிருந்து வெவ்வேறு திசைகளில் வெளியேற வழி உண்டா, கைப்பேசி, கேமரா மின்கலன்களை எங்கே மின்னேற்றுவார்கள், சிறுவர் அளவில் உயிர்காப்பு அங்கிகள் உள்ளனவா ஆகியவற்றைக் கேட்க வேண்டும். இவற்றைக் கேட்பது மரியாதைக் குறைவன்று. நல்ல படகுத் தலைவர் இக்கேள்விகளை வரவேற்பார்.

பயணிகளுக்கும் கடமைகள் உண்டு. படகில் நன்னீர் அளவாகவே இருக்கும். அதனைச் சிக்கனமாகப் பயன்படுத்த வேண்டும். பவளத்தை மிதிக்கவோ ஒடிக்கவோ கூடாது. அது கல்லன்று, மெதுவாக வளரும் உயிர்க்கூட்டம். ஒரு நங்கூரம் ஒரே வீச்சில் பல்லாண்டு வளர்ச்சியை நொறுக்கிவிடும். ஆகையால், கடல் பூங்காக்களில் படகுகளைக் கட்டுவதற்கென்று மிதவைகள் அமைக்கப்பட்டுள்ளன. 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டத்தின்கீழ் கடல் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பகுதிகளில், அனுமதியின்றி மீன் பிடிப்பதும் பவளம் எடுப்பதும் குற்றமாகும். கரைக்கு எதையும் கொண்டுவர வேண்டாம். கடலில் எதையும் விட்டுவரவும் வேண்டாம்.

நம் சமூகத்திற்குக் கடற்பயணம் புதிதன்று. 1926ஆம் ஆண்டு முதல் 1970களின் தொடக்கம் வரை ரஜூலா கப்பல் தமிழ்நாட்டுத் துறைகளுக்கும் மலாயாவுக்கும் இடையே ஓடியது. நம் பாட்டன் பாட்டிமார் பலர் அதன் மேல்தளத்தில் பாய் விரித்து, வெயிலிலும் காற்றிலும் பல நாள் பயணம் செய்து இங்கு வந்து சேர்ந்தனர். அவர்களுக்குக் கடல் பிழைப்பைத் தேடிக் கடந்தே ஆக வேண்டிய நீர்வெளி. அதன் அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்க அவர்களுக்கு வாய்ப்பில்லை. தோட்டத்தில் குடியேறியபின் கடலை மீண்டும் காணவும் பலருக்கு நேரமில்லை.

அவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இன்று அவ்வாய்ப்பு உண்டு. தங்குபடகுப் பயணம் செலவு மிக்கது. எல்லாக் குடும்பங்களுக்கும் உடனே கைகூடாது. ஆனால், அதற்கான முதல் படி நீச்சல் கற்பதே. அதை அருகிலுள்ள நீச்சல் குளத்தில் தொடங்கலாம். பத்து வயது நிரம்பியோர் தகுதிபெற்ற பயிற்றுநரிடம் முக்குளிப்புப் பயிற்சியில் சேரலாம். கற்ற பின்னும் அவ்வயதினர் 12 மீட்டருக்குக் கீழே செல்லலாகாது. குடும்பத்தில் ஒருவர் கற்றால், அவர் மற்றவரை ஈர்ப்பார். கற்காதவர் மேலே இருந்து காத்து நிற்பார். இறங்குபவர் தாம் கண்டதைச் சொல்வதற்காக மேலே வருகிறார். காத்திருப்பவர் அதைக் கேட்பதற்காக விழித்திருக்கிறார். இந்த உணர்வு இருக்குமானால், முக்குளிப்போர், முக்குளிக்காதோர் என்ற வேறுபாடு படகில் பெரிதாகத் தோன்றாது.