மறுவாழ்வைச் சொல்லும் கடலூர்க் கதைகள்

பிரிந்த கணவனும் மனைவியும் மறுபடி சேர்வது, இளம் வயதில் கணவனை இழந்தவளுக்கு இன்னொரு வாழ்க்கை அமைவது, ஊரை விட்டுப் போனவரின் பிள்ளை ஒருநாள் பழைய வீட்டு வாசலில் வந்து நிற்பது. குடும்ப நாவல்களில் வாசகரின் கண்ணை நனைக்கும் இடங்கள் பெரும்பாலும் இவைதாம். தமிழில் இந்த வகைக் கதைக்குக் கடலூர், சிதம்பரம் வட்டாரம் அளித்த கொடை பெரிது. ஜெயகாந்தன் 1934ஆம் ஆண்டு கடலூர் மஞ்சக்குப்பத்தில் பிறந்தார். அவருக்கு முன்பே, 1906இல், புதுமைப்பித்தன் பிறந்தது அதே ஊரின் திருப்பாதிரிப்புலியூரில். இன்று எழுதிவரும் இமையமும் கண்மணி குணசேகரனும் இதே மாவட்டத்துக்காரர்கள்.

நாவல் என்ற வடிவம் தமிழுக்கு வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இந்தக் கதை தில்லையில் சொல்லப்பட்டுவிட்டது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தில் திருநீலகண்ட நாயனார் சிதம்பரத்தில் மண்பாண்டம் செய்து பிழைத்தவர். ஒருநாள் அவர் பரத்தை வீட்டுக்குப் போய்த் திரும்ப, மனைவி ஊடிச் சினந்து, இறைவன் பெயரால் ஆணையிட்டுத் தன்னைத் தீண்டக் கூடாது என்று விலக்கிவிடுகிறாள். அவர் அந்த ஆணையை மீறவில்லை. அதோடு நிற்காமல், இனி எந்தப் பெண்ணையும் மனத்தாலும் தீண்டுவதில்லை என்று உறுதி கொள்கிறார். ஒரே வீட்டில், ஊர் அறியாமல், தொடாமலேயே இருவரும் முதுமை அடைகிறார்கள்.

பிறகு சிவயோகி வேடத்தில் இறைவன் வந்து ஒரு திருவோட்டைக் கொடுத்து வைத்துப் போகிறார். அது காணாமற்போக, வழக்குத் தில்லைவாழ் அந்தணர் சபைக்குப் போகிறது. நீ எடுக்கவில்லையென்றால் மனைவியின் கையைப் பிடித்துக் குளத்தில் மூழ்கிச் சத்தியம் செய் என்கிறார் யோகி. குயவரால் அது முடியாது. மூங்கில் கழி ஒன்றின் இரு முனைகளை இருவரும் பிடித்துக்கொண்டு குளத்தில் இறங்குகிறார்கள். கையைப் பிடித்தே மூழ்க வேண்டும் என்று யோகி வற்புறுத்த, இத்தனை ஆண்டுகள் மறைத்து வைத்ததை அவர் ஊரார் காதுபடச் சொல்ல வேண்டியதாகிறது. சொல்லி மூழ்கி எழும்போது இருவரும் இளமையோடு எழுகிறார்கள். சிதம்பரத்தில் இளமையாக்கினார் கோயில் என்ற பெயரில் அந்த இடம் இன்றும் வழிபடப்படுகிறது.

இளமை திரும்பியது தெய்வ அருளால் என்பது புராணத்தின் முடிவு. கதையாகப் படிக்கும்போது நெஞ்சைத் தொடுவது அதற்கு முந்தின கணம்: தவறு செய்தவரே வாய் திறந்து, மனைவியின் கோபம் நியாயமானது என்பதை ஊரறிய ஒப்புக்கொள்வது. மறுவாழ்வைச் சொல்லும் நல்ல கதைகள் எல்லாவற்றிலும் இப்படி ஒரு கணம் இருக்கிறது. யாரோ ஒருவர் தம் கௌரவத்தை விட்டு முதலில் ஓர் அடி எடுத்து வைக்கிறார். அந்த அடி வலுவாக இல்லாத கதைகளில் முடிவில் வரும் மங்கல மேளம் காதில் விழுகிறதே தவிர மனத்தில் தங்குவதில்லை.

தமிழ் நாவல் தொடங்கிய காலத்தில் மறுவாழ்வு என்றால் முதலில் விதவை மறுமணம்தான். 1856ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு அனுமதி கொடுத்திருந்தாலும் வீடுகள் கொடுக்கவில்லை. அ. மாதவையா 1903இல் வெளியிட்ட ‘முத்துமீனாட்சி’ அந்த அனுமதியைக் கதைக்குள் கொண்டுவந்தது. கல்கியின் ‘தியாகபூமி’ வேறு திசையில் போனது. கொடுமை செய்த கணவன் திரும்பி அழைக்கும்போது, போக மாட்டேன் என்று சாவித்திரி சொன்னது 1939இல் திரையிலும் பெரும் பரபரப்பை உண்டாக்கியது. புதுமைப்பித்தனின் ‘செல்லம்மாள்’ நாவல் அல்ல, நீண்ட சிறுகதை. அதில் மறுவாய்ப்பும் இல்லை. ஆனால் சாகக் கிடக்கும் மனைவிக்குத் துணிக்கடைச் சிப்பந்தி ஒருவர் செய்யும் பணிவிடையைப் புதுமைப்பித்தன் எழுதிய விதம், தாம்பத்திய அன்பைப் பற்றி எழுத வந்த எல்லாருக்கும் ஓர் அளவுகோலாக நின்றுவிட்டது.

கடலூரையே களமாகக் கொண்டு மறுவாழ்வை எழுதியவர் ஜெயகாந்தன். 1960களின் தொடக்கத்தில் வந்த அவருடைய ‘யுகசந்தி’ சிறுகதைதான். ஆனால் மூன்று தலைமுறைக் குடும்ப நாவல் ஒன்று அதற்குள் அடங்கியிருக்கிறது. கௌரிப் பாட்டி நெய்வேலியிலிருந்து பஸ்ஸில் கடலூருக்கு வந்து இறங்குகிறாள். மழித்த தலை, வெள்ளைப் புடவை, கையில் பை. வண்டிக்குக் காசு செலவழிக்க மனமில்லாமல் கொளுத்தும் வெயிலில் நடந்தே மகன் கணேசய்யர் வீட்டுக்குப் போகிறாள். அவளுடைய பேத்தி கீதா திருமணமான சில மாதங்களிலேயே கணவனை இழந்தவள். பயிற்சி பெற்று நெய்வேலியில் ஆசிரியையாக இருக்கிறாள். பாட்டி அங்கே அவளுக்குத் துணை. உடன் வேலை பார்க்கும் ஓர் ஆசிரியரை மணக்கப் போவதாகக் கீதா எழுதிய கடிதத்தைப் பாட்டியே சுமந்து வருகிறாள். அதில் என்ன இருக்கிறது என்பது அவளுக்கும் தெரியாது.

கடிதத்தைப் படித்த தகப்பன் கொதிக்கிறார். மகள் செத்துவிட்டாள் என்று தலைமுழுகத் துணிகிறார். சாஸ்திரமும் ஆசாரமும் அறிந்த பாட்டி தன் பக்கம்தான் நிற்பாள் என்பது அவர் நம்பிக்கை. பாட்டியோ தன் வாழ்க்கையை நினைத்துப் பார்க்கிறாள். தானும் இளம் வயதில் எல்லாவற்றையும் இழந்து, விதிக்கப்பட்டதை ஏற்று நடந்தவள். தன் காலம் அப்படி. கீதாவின் காலம் வேறு என்று அவளுக்குத் தெளிவாகிறது. மகனை விட்டுவிட்டுப் பேத்தியோடு இருப்பதற்காகப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறாள். கீதாவுக்கு மறுமணத்தைத் தந்தது காதல் என்றாலும், அந்த மறுமணத்தைக் குடும்பத்துக்குள் வைத்துக் காப்பாற்றியது பாட்டியின் அந்த முடிவு. தன் தலைமுடியைக்கூட மீட்டுக்கொள்ளாத ஒருத்தி இன்னொருத்தியின் வாழ்வை மீட்டுக் கொடுக்கிறாள். தமிழில் எழுதப்பட்ட குடும்பக் கதைகளில் இதைவிடப் பெரிய மனத்தைக் காண்பது அரிது.

கதையில் நெய்வேலி வருவதிலும் காரணம் உண்டு. பழுப்பு நிலக்கரிக் கழகம் அங்கே 1956இல் நிறுவப்பட்டது. புதிதாகக் குடியிருப்புகளும் பள்ளிகளும் எழுந்தன. பல ஊர்க்காரர்கள் வந்து சேர்ந்த புது ஊர் அது. பரம்பரைத் தெரு, அக்ரகாரம், வம்புப் பேச்சு எதுவும் வேர்விடாத இடம். சொந்தச் சம்பளமும் அப்படியொரு ஊரும் இல்லாமல் கீதாவால் அந்தக் கடிதத்தை எழுதியிருக்க முடியாது. கடலூருக்கும் நெய்வேலிக்கும் இடையே ஓடிய அந்த பஸ் ஒரு நூற்றாண்டைக் கடந்து போய்வந்தது.

பிரிந்தவர் சேரும் காதலை ஜெயகாந்தன் ‘ஒரு நடிகை நாடகம் பார்க்கிறாள்’ நாவலில் எழுதினார். நாடக நடிகை கல்யாணியும், மனைவியை இழந்த பத்திரிகைக்காரர் ரங்காவும் மனமொத்து மணந்துகொள்கிறார்கள். சண்டை என்று சொல்லும்படி எதுவும் இல்லாமலே விலகுகிறார்கள். 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் விவாகரத்துக்கு வழி செய்திருந்தது; வக்கீலிடமும் போகிறார்கள். ஆனால் சட்டம் கேட்கும் குற்றச்சாட்டு எதையும் ஒருவர் மேல் ஒருவர் சுமத்த அவர்களுக்கு மனமில்லை. கல்யாணி நடக்க முடியாமல் நோயில் விழும்போது ரங்கா திரும்பி வருகிறார். இரக்கத்தால் வந்தார் என்று சொல்லிக் கதையை முடித்திருக்கலாம். பிரிந்திருந்த காலத்தில்தான் அவர் அவளைப் புரிந்துகொண்டார் என்று காட்டியதால் நாவல் உயர்ந்தது. 1978இல் பீம்சிங் இதைத் திரைப்படமாக்கினார்.

ஜெயகாந்தனின் ‘ஒரு மனிதன் ஒரு வீடு ஒரு உலகம்’ இந்த வகையில் தமிழின் சிகரம். மனைவி வேறொருவனோடு போய்விட்ட அவமானத்தில் ஊரை விட்டுப் போனவர் சபாபதிப் பிள்ளை. பர்மாவிலிருந்து அகதிகள் நடந்து வந்த காலத்தில் கிடைத்த ஓர் அநாதைக் குழந்தையை எடுத்து வளர்க்கிறார். அந்தக் குழந்தை ஹென்றி வளர்ந்து, அப்பா இறந்த பிறகு அவருடைய ஊரைத் தேடி வருகிறான். சாதி தெரியாது, மதம் கேட்டால் சிரிப்பான். சித்தப்பா முறையான லாரி டிரைவர் துரைக்கண்ணு, சொத்துக்கு யாரோ வந்துவிட்டான் என்று முறுக்கிக்கொண்டு பஞ்சாயத்துக்கு வருகிறார். அண்ணன் மகன் என்று தெரிந்த கணத்தில் அந்த முறுக்கு அவிழ்ந்துவிடுகிறது. நிலத்தைக் கொடுக்கத் துரைக்கண்ணு துடிக்கிறார். ஹென்றிக்கு அப்பா வாழ்ந்த வீடு மட்டும் போதும். ரத்த சம்பந்தம் ஏதுமில்லாத ஒருவனால், செத்துப்போன மனிதருக்கு அவருடைய ஊர் திரும்பக் கிடைக்கிறது.

இதே எழுத்தாளர்தான் மறுவாய்ப்பு எட்டாமல் போவதையும் எழுதினார். ‘அக்கினிப் பிரவேசம்’ கதையில் கெடுக்கப்பட்டு வந்த மகளின் தலையில் தாய் தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று அணைத்துக்கொள்கிறாள். 1966இல் அது வெளிவந்தபோது எதிர்ப்பு கிளம்பியது. அந்தத் தாய் அப்படிச் செய்யாமல் தெருவுக்குக் கேட்கும்படி அலறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதுதான் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’. அண்ணன் துரத்துகிறான், மகள் கங்கா படித்து உத்தியோகத்துக்கு வந்தும் வாழ்க்கை சேரவில்லை. 1972இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற நாவல் அது. இரண்டையும் அடுத்தடுத்துப் படிப்பவருக்கு, ஒரு குடம் தண்ணீருக்கு ஒரு பெண்ணின் ஆயுளை மாற்றும் வலிமை இருந்தது தெரியும்.

விருத்தாசலம் பக்கத்து மணக்கொல்லைக்காரர் கண்மணி குணசேகரன். நடுநாட்டுப் பேச்சுக்கு அகராதியே தொகுத்தவர். அவருடைய ‘அஞ்சலை’ முந்திரிக்காட்டு மண்ணின் நாவல். அஞ்சலைக்கு மாப்பிள்ளை என்று காட்டப்பட்டவன் ஒருவன், தாலி கட்டியவன் வேறொருவன். அந்த ஏமாற்றிலிருந்து அவள் இன்னொரு வாழ்க்கைக்குப் போகிறாள். அங்கும் நிலைக்க முடியாமல் திரும்புகிறாள். நிலமும் படிப்பும் சம்பளமும் இல்லாத கூலிப் பெண்ணுக்கு இரண்டாவது வாழ்க்கை என்பது முதலாவதைவிடக் கடினமாக இருக்கலாம் என்று ஒளிக்காமல் சொல்லும் புத்தகம் இது. அவளைத் தாங்கிப் பிடிக்க ஒரு கௌரிப் பாட்டி இல்லை.

இமையத்தின் ‘செல்லாத பணம்’ இன்னும் வலிக்கும். பொறியியல் படித்த ரேவதி, பெற்றோர் எவ்வளவு தடுத்தும் கேளாமல் ஆட்டோ ஓட்டுநரை மணக்கிறாள். தகப்பன் நடேசன், தலைமையாசிரியர், அவளோடு பேச்சை நிறுத்திவிடுகிறார். பிறகு தீக்காயத்தோடு அவள் புதுச்சேரி ஜிப்மரில் கிடக்கும்போது, பணம் எவ்வளவு வேண்டுமானாலும் செலவழிக்க அவர் தயார். பெரிய ஆஸ்பத்திரி என்றால் கடலூர் மாவட்டத்துக் குடும்பங்கள் ஓடுவது அங்கேதான்; அந்த வார்டு வாசலின் காத்திருப்பை இமையம் பக்கம் பக்கமாக எழுதுகிறார். ஓர் அடி முன்னால் வைத்திருக்க வேண்டிய தகப்பன் காலம் தாழ்த்திவிட்டார். 2020ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது இந்நாவலுக்குக் கிடைத்தது.

டாக்டர் லக்ஷ்மி, ரமணிசந்திரன் போன்றோரின் நாவல்கள் இதே பொருளை லட்சக்கணக்கான வீடுகளுக்குக் கொண்டுபோயின. வாடகை நூல் நிலையங்களையும் மாத நாவல்களையும் வாழவைத்தவை அவை. அவற்றைத் தாழ்த்திப் பேசுவது நியாயமல்ல. நாளெல்லாம் உழைத்த பெண்களுக்கு மாலையில் நம்பிக்கை கொடுத்த எழுத்து அது. ஆனால் தவறான புரிதல் நீங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற இடத்தில் அவற்றில் பல நின்றுவிடுகின்றன. கடலூர் எழுத்தாளர்கள் அதற்கு அப்பால் போய், சரியாவதற்கு யார் எதை விட்டுக்கொடுத்தார்கள் என்று கணக்குக் கேட்டார்கள்.

இவற்றைப் புதிதாகப் படிக்க வருபவர்கள் ‘யுகசந்தி’யில் தொடங்கலாம்; அரை மணி நேரத்தில் முடியும். அடுத்து ‘ஒரு மனிதன் ஒரு வீடு ஒரு உலகம்’. அந்த நிறைவோடு நிறுத்திவிடாமல் ‘அஞ்சலை’யையும் கட்டாயம் படிக்க வேண்டும்.