பனிச்சிறுத்தையைக் கணக்கெடுக்கும் ஸ்பிதி பெண்கள்: காவல் உண்டு, காணி இல்லை

புது தில்லி: ஹிமாசலப் பிரதேசத்தின் லாஹௌல்-ஸ்பிதி மாவட்டம் 2025 செப்டம்பர் இறுதிக்கும் அக்டோபருக்கும் இடையே மூன்று செய்திகளில் இடம்பெற்றது. அங்குள்ள குளிர்ப் பாலைவனத்தை யுனெஸ்கோ தனது உலக உயிர்க்கோளக் காப்பகங்களின் பட்டியலில் சேர்த்தது முதல் செய்தி. மாநிலத்தில் பனிச்சிறுத்தைகளின் எண்ணிக்கை 51-லிருந்து 83 ஆக உயர்ந்துள்ளதாக அறிவிக்கப்பட்டது இரண்டாவது. இவ்விரண்டுக்கும் கிடைத்த வரவேற்பு மூன்றாவதற்குக் கிடைக்கவில்லை. மாநிலத்தின் பழங்குடிப் பகுதிகளில் மகள்களுக்கும் சொத்தில் பங்கு உண்டு என்ற உயர் நீதிமன்ற உத்தரவை உச்ச நீதிமன்றம் நீக்கியது என்பதே அது.

இம்மூன்று செய்திகளும் ஒருங்கே தொடும் ஊர் ஒன்று ஸ்பிதியில் உள்ளது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 4,200 மீட்டர் உயரத்தில் இருக்கும் கிப்பர் கிராமம்தான் அது. மரங்கள் கிடையாது, மழை மிகக் குறைவு. குளிர்காலத்தில் வெப்பநிலை மைனஸ் 20 டிகிரிக்கும் கீழே இறங்கும். பட்டாணியும் வாற்கோதுமையும் விளையும் கோடை சில மாதங்களே. எஞ்சிய நாள்களில் ஆண்கள் பலர் வேலை தேடிக் கீழே செல்ல, வீடும் கால்நடைகளும் பெண்கள் பொறுப்பில் இருக்கும்.

இந்தக் கிராமத்துப் பெண்கள் சுமார் பத்துப் பன்னிரண்டு பேர் வனத்துறையுடனும், நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற அமைப்புடனும் இணைந்து, பனிச்சிறுத்தை நடமாடும் மலைகளில் தானியங்கி கேமராக்களைப் பொருத்தி வருகின்றனர். மைசூரைத் தலைமையிடமாகக் கொண்ட இந்த அமைப்பு, வால்பாறையில் மழைக்காடுகளை மீட்கும் பணியால் தமிழகத்திலும் அறியப்பட்டதே. இப்பெண்களின் பணியை ஒருங்கிணைப்பவரும் அதே கிராமத்துப் பெண்தான்.

பணி என்ன?: பனி மூடும்போது நீல ஆடுகளும் ஐபெக்ஸ் காட்டாடுகளும் கீழிறங்குகின்றன, அவற்றைத் தொடர்ந்து சிறுத்தையும் வருகிறது. எனவே மனிதர்கள் வீட்டுக்குள் அடுப்பைச் சுற்றி அமர்ந்திருக்கும் பருவமே கேமரா பொருத்த ஏற்ற பருவமாகிறது. ஜி.பி.எஸ். கருவி காட்டும் இடத்துக்குப் பனியில் நடந்து சென்று, சிறுத்தை வாசனைக் குறி இட்டுச் செல்லும் பாறைகளையும் மலை முகடுகளையும் அடையாளம் கண்டு, உரிய உயரத்திலும் கோணத்திலும் கேமராவை நிறுத்த வேண்டும். பேட்டரி, மெமரி கார்டு, கேமராவின் அடையாள எண் ஆகிய அனைத்தையும் சரிபார்த்துப் பதிவு செய்ய வேண்டும். ஓர் எண் மாறினாலும் அந்தக் கேமராவின் பல மாதப் பதிவு பயனற்றுப் போகும்.

பின்னர் கிராமத்துக்குத் திரும்பி, கணினியில் படங்களைப் பிரிக்கும் பணி தொடங்குகிறது. மனிதரின் கைரேகை போல ஒவ்வொரு பனிச்சிறுத்தையின் உடலிலும் உள்ள புள்ளி வளையங்கள் வேறுபடும். அவற்றை ஒப்பிட்டே, இருமுறை பதிவானது ஒரே விலங்கா, இரு விலங்குகளா என்பது முடிவு செய்யப்படுகிறது. பள்ளிக் கல்வியைத் தாண்டாதவர்கள் எனத் தயங்கிய பெண்கள் இப்பணியைக் கற்றுத் தேர்ந்துள்ளனர்.

ஒருங்கிணைப்பாளரின் சிரமம் கருவிகளோடு முடிவதில்லை. யார் வீட்டில் கைக்குழந்தை, யார் வீட்டில் யாக் ஈன்றிருக்கிறது, யாருக்கு யார் துணையாக மலையேறுவது என்பதையெல்லாம் பார்த்தே அணி பிரிக்க இயலும். வயல் வேலை தொடங்கிவிட்டால் ஆள் கிடைக்காது.

மனமாற்றம்: ஸ்பிதியில் 'ஷென்' என அழைக்கப்படும் பனிச்சிறுத்தை, கால்நடைகளைக் கொல்லும் விலங்கு என்பதால் மக்களின் பகையாகவே நெடுங்காலம் இருந்தது. 1998-ஆம் ஆண்டில் கிப்பர் மக்கள் ஆய்வாளர்களுடன் உடன்பாடு செய்துகொண்டு, மேய்ச்சல் நிலத்தின் ஒரு பகுதியைக் காட்டு விலங்குகளுக்காக ஒதுக்கினர். 2002-இல் கிராமத்தினரே நடத்தும் கால்நடைக் காப்பீட்டுத் திட்டம் வந்தது. மத்திய அரசு 'பனிச்சிறுத்தைத் திட்டத்தை' 2009-இல்தான் தொடங்கியது என்பதை இங்கே நினைவுகூரலாம். தில்லி கிராமத்துக்கு வழிகாட்டியதைவிட, கிராமம் தில்லிக்கு வழிகாட்டியதே அதிகம்.

இந்தியாவில் 718 பனிச்சிறுத்தைகள் இருப்பதாக மத்திய அரசு 2024 ஜனவரியில் வெளியிட்ட முதல் தேசியக் கணக்கெடுப்பு தெரிவித்தது. லடாக்கில் 477, உத்தரகண்டில் 124, ஹிமாசலில் 51. ஹிமாசலின் அடுத்த கணக்கெடுப்பு சுமார் 26,000 சதுர கி.மீ. பரப்பில் நடைபெற்று, 83 என்ற மதிப்பீட்டைத் தந்தது. உயர்வு முழுவதும் சிறுத்தைகள் பெருகியதன் விளைவு என்று கொள்ள முடியாது. தேடுதல் கூர்மையடைந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால், அந்தக் கூர்மையில் கிப்பர் பெண்களுக்குப் பங்கு உண்டு.

இதற்கு அவர்கள் பெறுவது நாளொன்றுக்கு 500 முதல் 700 ரூபாய் எனச் செய்திகள் கூறுகின்றன. வேலை உள்ள நாள்களுக்கு மட்டுமே கூலி. வனத்துறையின் பணிப் பட்டியலில் இவர்களுக்குப் பதவி எதுவும் இல்லை. 'மக்கள் பங்கேற்பு' என்று அரசு அறிக்கைகள் பெருமையுடன் கூறுவது பெரும்பாலும் இத்தகைய தினக்கூலியைத்தான்.

நிலம் யாருக்கு?: ஸ்பிதியின் மரபில் நிலம் மூத்த மகனுக்குச் செல்வது வழக்கம், இளைய மகன்கள் மடாலயத்துக்குச் சென்றனர். மகள்களுக்குப் பங்கு இல்லை. 'வாஜிப்-உல்-அர்ஸ்' எனப்படும் பழைய வருவாய்த் துறை வழக்காற்றுப் பதிவேடு இதற்கு ஆதாரமாகக் காட்டப்படுகிறது. 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டமும் இவர்களுக்குத் துணை நிற்பதில்லை. மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டாலன்றி அச்சட்டம் பழங்குடியினருக்குப் பொருந்தாது என அதன் 2(2) பிரிவு கூறுகிறது.

பழங்குடிப் பகுதிகளின் மகள்களுக்கும் அச்சட்டப்படியே சொத்து சேர வேண்டும் என 2015-இல் ஹிமாசல உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2025 அக்டோபரில் அதை நீக்கிய உச்ச நீதிமன்றம், அவ்வுத்தரவு 2(2) பிரிவுக்கு முரணானது என்றது. சட்டப்படி இதில் குறை காண்பது கடினம். நாடாளுமன்றம் இயற்றிய விலக்கை நீதிமன்றம் ஓர் உத்தரவால் கடந்துவிட இயலாது. ஆனால், இந்த விலக்கைத் திரும்பப் பெறுவது குறித்துப் பரிசீலிக்குமாறு 2022 டிசம்பரில் மத்திய அரசைக் கேட்டுக்கொண்டதும் இதே உச்ச நீதிமன்றம்தான்.

வழக்காற்றில் கை வைத்தால் பழங்குடி நிலம் வெளியார் கைக்குப் போய்விடும் என்ற அச்சம் மலைப் பகுதிகளில் உள்ளது. அதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. எனினும், வெளியாருக்கு நிலம் கைமாறுவதைத் தடுப்பதற்குத் தனிச் சட்டங்கள் இருக்கும்போது, சொந்த மகளை வெளியாராகக் கருதுவதற்கு அந்த அச்சம் போதிய காரணமாகாது.

கோடை நெருங்கும்போது கிப்பர் பெண்களுக்கு விதைப்பு வேலை வந்துவிடும். அவர்கள் பட்டாணி விதைக்கும் அந்த வயல்கள், வருவாய்த் துறைப் பதிவேடுகளில் பெரும்பாலும் தந்தை, கணவர், சகோதரர் பெயரிலேயே உள்ளன.