புரதத்துக்கும் ஒரு பதம் உண்டு

சர்க்கரையைக் கரையும் மட்டும் கரைத்துக் காய்ச்சிய பாகில் நூலைத் தொங்கவிட்டு அசைக்காமல் விட்டால், நூலைப் பற்றிக்கொண்டு கற்கண்டு வளரும். அவசரப்பட்டுக் கிளறினால் பாகு பூத்துப் பொடியாகிவிடும். எக்ஸ் கதிரால் புரதத்தின் வடிவத்தைக் காண வரும் மாணவருக்கு முதல் பாடமும் இந்தப் பாகுப் பதம்தான். ஒற்றைப் புரத மூலக்கூறு சிதறடிக்கும் கதிர் மிகமிகச் சன்னமானது. கோடிக்கணக்கான மூலக்கூறுகள் ஒரே சீராக அடுக்கி நின்றால்தான் அது அளக்கும் அளவுக்குச் சேரும். அந்த அடுக்குதான் படிகம்.

நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டில் உள்ள கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகம் 1988-இல் புரத வடிவத்தைக் காணும் இந்த முறைக்கென ஒரு பயிற்சி வகுப்பைத் தொடங்கியது. சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் அதே தீவிலுள்ள ப்ரூக்ஹேவன் ஆய்வகத்தில் வேலை பார்த்துக்கொண்டே அந்த வகுப்பில் மாணவராக உட்கார்ந்தவர். இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கிய பிறகும் அடிப்படையிலிருந்து கற்றார். செல்லில் புரதத்தை உருவாக்கும் ரைபோசோம் பற்றிய ஆய்வுக்காக 2009-இல் நோபல் பரிசு பெற்றார்.

பழகுவதற்கு ஏற்ற புரதம் லைசோசைம், கோழிமுட்டையின் வெள்ளைக்கருவில் இருப்பது. கண்ணாடிச் சில்லில் புரதக் கரைசல் ஒரு மைக்ரோலிட்டர், உப்புக் கரைசல் ஒரு மைக்ரோலிட்டர். சில்லைக் கவிழ்த்து, அதே உப்புக் கரைசல் உள்ள குழியின்மேல் வைத்து, விளிம்பை கிரீஸால் அடைக்க வேண்டும். துளியில் உப்பு பாதி, குழியில் முழு அளவு. அதனால் துளியின் நீர் மெல்ல ஆவியாகிக் குழிக்குப் போகும். அடுப்பே இல்லாமல் பாகு சுண்டுகிறது. லைசோசைம் பெரும்பாலும் ஓர் இரவில் படிகமாகிவிடும். வேறு சில புரதங்கள் மாதக்கணக்கில் காக்க வைக்கும். பிடிவாதமாக வளராத துளியில், நொறுக்கிய பழைய படிகத்தைத் தொட்டெடுத்த பூனை மீசை முடியால் ஒரு கோடு இழுப்பதுண்டு. நூல் செய்யும் வேலையை அந்தத் துணுக்குகள் செய்யும்.

அடுத்து, நுண்ணோக்கியைப் பார்த்தபடியே மயிரிழை நைலான் வளையத்தால் படிகத்தை அள்ளி, திரவ நைட்ரஜனில் அமிழ்த்த வேண்டும். முன்கூட்டியே கிளிசரால் சேர்க்காவிட்டால் நீர் பனிக்கட்டியாகிப் பதிவைக் கெடுக்கும். இதைக் கை பழகித்தான் கற்க முடியும்.

ப்ரூக்ஹேவனின் என்எஸ்எல்எஸ்-2 சின்க்ரோட்ரான் 792 மீட்டர் சுற்றளவுள்ள வளையம். ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் ஓடும் எலக்ட்ரான்கள் காந்தங்களுக்கு நடுவே நெளியும்போது எக்ஸ் கதிர் பிறக்கிறது. சில மைக்ரான் அகலக் கற்றையில் படிகத்தைச் சுழற்றினால், சிதறும் கதிர் ஒரு நிமிடத்துக்குள் ஆயிரக்கணக்கான புள்ளிகளாகப் பதிவாகிவிடும். படிகத்தை எடுத்து வைப்பது ரோபோ. மாணவர் தன் ஊரில் உட்கார்ந்தே கணினி வழியாக இயக்கலாம். ஆனாலும் ஒருமுறையாவது கற்றையின் அருகில் நின்று கற்க வேண்டும் என்பேன். கதிர் படிகத்தைச் சிதைத்துக்கொண்டே இருக்கும்; எங்கே நிறுத்துவது என்ற முடிவு மனிதருடையது.

ஸ்டான்ஃபோர்டில் 2009 முதல் இயங்கும் எக்ஸ் கதிர் லேசரில் கதை தலைகீழ். அதன் துடிப்பு படிகத்தை வெடிக்க வைத்துவிடும், ஆனால் அதற்குள் பதிவு முடிந்திருக்கும். ஒரு துடிப்புக்கு ஒரு படிகம் என்பதால் அங்கே பொடிப்பொடியான படிகங்கள்தான் ஏராளமாகத் தேவை. பாகு பூக்கட்டும் என்று மாணவர்கள் வேண்டுமென்றே கலக்குகிறார்கள்.

புள்ளிகளிலிருந்து வடிவத்துக்குப் போவதுதான் கடினமான பகுதி. புள்ளியின் பொலிவு தெரியும், அலை எந்தக் கட்டத்தில் வந்தது என்பது பதிவாகாது. புரதத்தில் கந்தகத்துக்குப் பதில் செலினியத்தை ஏற்றி, அலைநீளத்தை மாற்றி மாற்றி அளந்து அதை மீட்கலாம். இப்போது கணினி கணித்த மாதிரியை வைத்தே பலர் தொடங்குகிறார்கள். அதனால் சரிபார்ப்பைச் சொல்லிக்கொடுப்பது முன்னைவிட முக்கியம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரன் குழு 1963-இல் வெளியிட்ட வரைபடத்தில், புரதச் சங்கிலியின் திருப்பக் கோணங்களில் எவை சாத்தியம் என்பது தெரியும். உலகெங்கும் மாணவர்கள் தங்கள் மாதிரியை அதில் வைத்துப் பார்க்கிறார்கள். வரைபடத்தில் ஒரு புள்ளி சாத்தியமான பகுதிக்கு வெளியே விழுந்தால், அந்த அமினோ அமிலத்தைப் பதிவிலிருந்து கணக்கிட்ட எலக்ட்ரான் அடர்த்திப் படத்தில் மறுபடி தேட வேண்டும். பெரும்பாலும் பிழை மாதிரியில் இருக்கும். சில நேரம் புரதமே அப்படித்தான் முறுக்கிக்கொண்டு நிற்கும்; அதை உறுதியாகச் சொல்ல நல்ல படிகத்தின் பதிவு கையில் வேண்டும்.