காரம் தெம்பு தருமா? மோர் மிளகாய் தரும் பாடம்

தாம்பரம், சேலையூர், பெருங்களத்தூர், வண்டலூர் பகுதிகளில் சித்திரை, வைகாசி வெயிலில் பல வீட்டு மாடிகளில் மோர் மிளகாய் காய்வதைக் காணலாம். பழைய சோற்றுக்கு மோர் மிளகாய், இட்லிக்கு மிளகாய்ப் பொடி என்று காரம் இருந்தால்தான் பலருக்குச் சாப்பாடு இறங்கும். காரம் தின்றால் உடல் சூடேறும், சோம்பல் நீங்கும், தெம்பு வரும் என்பது பொதுவான நம்பிக்கை. இதில் உண்மை எவ்வளவு என்பதை மிளகாய் பயிரிடுவோரும் இல்லத்தரசிகளும் அறிந்திருப்பது நலம்.

காரம் எங்கே இருக்கிறது?

மிளகாய் நம் நாட்டுப் பயிர் அன்று. அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துக்கீசியர் வழியாக 16-ஆம் நூற்றாண்டில் இங்கு வந்தது. அதற்கு முன் நம் சமையலில் காரத்துக்கு மிளகுதான். சித்த மருத்துவப் பத்தியத்தில் இன்றும் மிளகாயை நீக்கி மிளகைச் சேர்க்கச் சொல்வதுண்டு.

மிளகாய் உறைக்கக் காரணம் காப்சைசின் என்னும் பொருள். இது மிகுதியாக இருப்பது விதையில் அல்ல, விதை ஒட்டியிருக்கும் உள்வெள்ளைச் சதையில். நாக்கில் சூட்டை உணரும் நரம்பு முனைகளைக் காப்சைசின் தூண்டிவிடுகிறது. இந்த நரம்பு உணர்வியை 1997-இல் கண்டறிந்த அமெரிக்க விஞ்ஞானி டேவிட் ஜூலியஸுக்கு 2021-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆகவே காரம் தின்றதும் எரிவது வெந்ததால் அல்ல. வெந்ததுபோல் உடல் எண்ணிக்கொள்கிறது. அதனால்தான் வியர்க்கிறது. பறவைகளுக்கு இந்த எரிச்சல் தெரியாது. கிளி மிளகாய்ப் பழத்தைக் கொத்தித் தின்பது இதனால்தான்.

தெம்பு தருவது எது?

காரம் உண்டபின் உடல் சிறிது நேரம் சற்றுக் கூடுதலாகச் சக்தியைச் செலவிடுகிறது. இது செலவே தவிர வரவு அன்று. அளவும் மிகக் குறைவு. ஒரு காய்ந்த மிளகாயின் எடை சுமார் 1 கிராம். அதில் கிடைப்பது இரண்டரை கலோரி. மிளகாய்ப் பொடியில் ஊற்றும் நல்லெண்ணெய் 5 கிராமிலோ 45 கலோரி. பொடியில் உள்ள உளுந்தும், கடலைப் பருப்பும், எள்ளும், எண்ணெயும்தான் உடலுக்கு வலுத் தருகின்றன. மிளகாய் அவற்றை ருசியோடு உண்ண வைக்கிறது.

பச்சை மிளகாயில் வைட்டமின் ‘சி’ நிறைய உண்டு. 100 கிராமில் சுமார் 110 மில்லிகிராம். ஹங்கேரி விஞ்ஞானி சென்ட்-ஜியார்ஜி 1930-களில் இந்த வைட்டமினைப் பெருமளவில் பிரித்தெடுத்தது அந்நாட்டு மிளகாயிலிருந்தே. ஆயினும் நாம் உண்பது நாளுக்கு ஓரிரு காய்தான். வெயிலும் அடுப்பும் அந்த வைட்டமினில் பெரும்பகுதியை அழித்துவிடும்.

வயிற்றுப்புண் மிளகாயால் வருகிறது என்பது சரியன்று. பெரும்பாலும் ஒருவகைப் பாக்டீரியாவும், சிலவகை வலி மாத்திரைகளுமே அதற்குக் காரணம். ஆனால் புண், நெஞ்செரிச்சல், மூலம் உள்ளவர்களுக்குக் காரம் வேதனையைக் கூட்டும்.

உப்பில் கவனம் தேவை

பாலிலும் மோரிலும் உள்ள புரதம் காப்சைசினைப் பற்றிக்கொள்ளும். காரம் தின்ற வாய்க்குத் தண்ணீரைவிட மோர் இதமாக இருப்பது இதனால்தான். மோர் மிளகாய்க்குக் காயைக் கீறி, உப்பிட்ட புளித்த மோரில் ஊறவைக்கிறோம். பகலில் காயவைத்து இரவில் மீண்டும் அதே மோரில் போடுகிறோம்.

இதில் உப்பைக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். ஒரு கிலோ காய்க்கு 100 கிராம் உப்பு என்றால், ஐந்து கிராம் எடையுள்ள காய் ஒன்றுக்கு அரை கிராம் சேர்கிறது. மூன்று மோர் மிளகாய் தின்றால் ஒன்றரை கிராம். நாள் முழுவதற்கும் 5 கிராமுக்குக் குறைவாகவே உப்புச் சேர்க்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் ஒரு மிளகாயோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

வீட்டுக் காயே மேல்

தை மாதம் விதைத்து, 40 நாள் நாற்றை மாசி இறுதியில் நட்டால், 75 நாளில், வைகாசி வெயிலுக்குக் காய் கிடைக்கும். மாடித் தொட்டியிலும் வளர்க்கலாம். இலைப்பேன் தாக்கி இலை சுருண்டால் 5 சதவீத வேப்பங்கொட்டைச் சாறு தெளிக்கலாம். இரசாயன மருந்து அடித்தால், சீட்டில் குறித்துள்ள காத்திருப்பு நாள் முடிந்த பிறகே காய் பறிக்க வேண்டும். ஆலோசனைக்குக் காட்டுப்பாக்கம் வேளாண்மை அறிவியல் நிலையத்தை அணுகலாம்.

காயவைப்பதில் அவசரம் கூடாது. கடற்காற்றின் ஈரம் உள்ள இப்பகுதியில் மாலையில் மாடியிலேயே விட்டுவிட்டால் ஈரம் ஏறிப் பூசணம் பிடிக்கும். பூசணத்தில் உண்டாகும் அஃப்ளடாக்சின் நச்சு கல்லீரலைக் கெடுக்கும். எண்ணெயில் பொரித்தாலும் முற்றும் போகாது. குலுக்கினால் கலகலவென ஒலிக்கும்வரை காயவைத்து, ஈரமற்ற ஜாடியில் மூடி வைக்க வேண்டும். கருத்த காயையும் பூசணம் கண்ட காயையும், விலை கருதாமல் எறிந்துவிடுவதே குடும்பத்துக்கு நல்லது.